ஆப்பிளின் பூர்வீகம் எது? உள்ளூர்ப் பழம்தான் நல்லது என்கிறார்களே, உண்மையா?

ஆப்பிளின் பூர்வீகம் மத்திய ஆசியா. கஜகஸ்தானின் தியான் ஷான் மலைச்சரிவுகளில் மலஸ் சீவர்சி என்ற காட்டு ஆப்பிள் மரங்கள் இன்றும் நிற்கின்றன. 1929இல் ரஷ்யத் தாவரவியலாளர் நிக்கோலாய் வாவிலோவ் அங்கே நேரில் போய்ப் பார்த்து, தாயகம் இதுதான் என்றார். 2010இல் வெளியான மரபணு ஆய்வும் அதையே சொன்னது. பட்டுப்பாதை என்ற பழைய வணிகப் பாதை வழியாகத்தான் ஆப்பிள் மேற்கே போனது.

வேடிக்கை என்னவென்றால், விதையை நட்டால் தாய்மரத்தின் பழம் கிடைக்காது. தேனாக இனித்த பழத்தின் விதையிலிருந்து, கடித்தால் பல் கூசும் புளிப்புக் காய் வரலாம். அதனால்தான் நல்ல மரத்தின் குச்சியை வெட்டி இன்னொரு செடியில் ஒட்டுக்கட்டுகிறார்கள். ஒரு ரகத்து மரங்கள் எல்லாமே ஏதோ ஒரு மூல மரத்தின் நகல்தான்!

சரி, உள்ளூர்ப் பழத்துக்கு வருவோம். தூரம் போகிற பழத்தை முழுதாகப் பழுக்கும் முன்பே பறித்துவிடுவார்கள். ஆக்சிஜனைக் குறைத்த குளிர்க்கிடங்கில் ஆப்பிள் பல மாதம் தாங்கும். ஆனால் மணமும் வைட்டமின் சி-யும் குறையும். மரத்திலேயே பழுத்து, பறித்த ஓரிரு நாளில் கைக்கு வரும் பழத்தில் அந்த இழப்பு குறைவு. நார்ச்சத்து மட்டும் எத்தனை தூரம் பயணித்தாலும் பெரிதாக மாறாது. ஆகவே பக்கத்தில் விளைந்தது கிடைக்காத நாளில் கிடைத்ததைச் சாப்பிடுங்கள், தப்பே இல்லை.