கிரியேட்டினின் சரியாக இருக்கும்போது டாக்ரோலிமஸ் அளவையும் பார்க்கத்தான் வேண்டுமா?

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி ஓராண்டு ஆகிவிட்டது, கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் ஏறினால் சிறுநீரகம் சரியில்லை என்று பொருள்) நன்றாக இருக்கிறது, புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளாமல் காக்கும் மருந்தான டாக்ரோலிமஸ் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனையைச் செலவை நினைத்து விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கைப்பணம் கட்டுகிறவராக இருப்பீர்கள், புரிகிறது. ஆனாலும் விடாதீர்கள். ஓராண்டுக்குப் பிறகு பரிசோதனைகளுக்கு நடுவே இடைவெளி கூடும், அவ்வளவுதான்.

நான் மருத்துவர் இல்லை. என் தம்பிக்கு இடது சிறுநீரகத்தைக் கொடுத்தவள். "மருத்துவரிடம் கேட்க வேண்டியதை இங்கே எதற்குப் பேசுகிறீர்கள்" என்று எழுத வருபவர்களுக்கு: யாருக்கும் எத்தனை மில்லிகிராம் என்று நான் சொல்லப் போவதில்லை.

நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பம். ஒரு மழைக்காலத்தில் தம்பிக்கு நெஞ்சில் சளி கட்டியது. அருகிலிருந்த கிளினிக்கில் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினார்கள். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சில நாள்களில் டீ டம்ளரைப் பிடித்த கை நடுங்கியது. புதுச்சேரிக்கு அழைத்துப் போனோம். 1.1 இருந்த கிரியேட்டினின் 1.7 ஆகியிருந்தது. அக்காவின் சிறுநீரகத்தை உடம்பு தள்ளுகிறது என்று அம்மா அழத் தொடங்கிவிட்டார். டாக்ரோலிமஸ் அளவு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. 6 முதல் 8 வரை இருக்க வேண்டிய இடத்தில் 19. அந்தச் சளி மருந்து, டாக்ரோலிமஸ் உடலில் சிதைவதைத் தடுத்துவிடுகிறது. மிஞ்சிய மருந்து சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. மருந்து குறைந்தால் உடம்பு எதிர்த்து கிரியேட்டினின் ஏறும், கூடினாலும் ஏறும். ஒன்றுக்கு மருந்தைக் கூட்ட வேண்டும், மற்றதற்குக் குறைக்க வேண்டும். கிரியேட்டினினை மட்டும் பார்த்து எதைச் செய்வது? எங்களுக்குக் குறைத்தார்கள், சளி மருந்தை மாற்றினார்கள், 1.2க்கு இறங்கியது.

ரத்தம் கொடுக்கும் நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரை போடுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். போட்ட பிறகு எடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டும். எங்கள் ஊரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் "எப்போது எடுத்தால் என்ன" என்றார்கள். சண்டை போட்டுவிட்டு வந்தேன். இன்றும் போடுவேன்.

கேட்காததையும் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீரகம் வாங்கிய தம்பிக்கு வரன் வருகிறது. கொடுத்த என்னைப் பார்க்க வந்தவர்கள், "ஒற்றைச் சிறுநீரகத்தோடு பிள்ளை பெற முடியுமா" என்று கேட்டு எழுந்து போனார்கள். முடியும். கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தத்தைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். வீட்டுக்கு வரும் உறவினர் அத்தனை பேரும் அவனுடைய கிரியேட்டினினை விசாரிக்கிறார்கள். கொடுத்தவளுக்கும் ஆண்டுதோறும் ரத்த அழுத்தம், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

உங்களுக்குக் கொடுத்தவர் யார் என்று நீங்கள் எழுதவில்லை. உறவினர் என்றால், அவருக்கு இந்த ஆண்டுப் பரிசோதனை ஆகிவிட்டதா?