தம்பி காதுல யாரு பேசுறது?

கேள்வி: அக்கா, மதுரை செல்லூர்ல இருந்து எழுதுறேன், பேர் போட வேண்டாம். எனக்கு 29, தம்பிக்கு 22. அப்பா இல்ல. அவன் டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு மொபைல் சர்வீஸ் கடையில வேலை பாக்குறான், காலைல 10 மணிக்கு போனா ராத்திரி 10 ஆகும் வீடு திரும்ப, அவ்வளவு நேரமும் ஒரு காதுல இயர்பட்ஸ் ஓடிக்கிட்டே இருக்கும். மொதல்ல ஜிம், உடம்பு, காசு சேக்குறது எப்படின்னுதான் கேட்டுட்டு இருந்தான். இப்ப ஒரு வருஷமா எல்லாம் "ஆல்ஃபா ஆம்பளை" பேச்சு, அதாவது ஆம்பளைன்னா எல்லாரையும் அடக்கி ஆளுற தலைவனா இருக்கணுமாம். பொண்ணுங்கள நம்பாத, கல்யாணம் பண்ணா 498ஏ, அந்த வரதட்சணைக் கொடுமை கேஸப் போட்டு உள்ள தள்ளிருவாளுகன்னு அவன் பேசுறப்ப யாரோ ஒருத்தன் அவன் வாயில உக்காந்து பேசுற மாதிரி இருக்கு. போன வாரம் ஆபீஸ்ல லேட்டாகி 9 மணிக்கு வந்தேன், "இவளுக்கு ரொம்ப இடம் குடுத்துட்டம்மா"ங்குறான். நடுராத்திரி மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு பைக் எடுத்துட்டு வந்து என்னைய கூட்டிட்டு போன பய அக்கா இவன். நான் ஒரு பெண்ணுரிமை போட்காஸ்ட்ட சாப்புடும்போது ஸ்பீக்கர்ல போட்டு விட்டேன். 10 நிமிஷம் கேட்டான், தட்டுலயே கையக் கழுவிட்டு எந்திரிச்சு போயிட்டான். அவன் தூங்குறப்ப போனை எடுத்து அந்த சேனலையெல்லாம் அன்சப்ஸ்கிரைப் பண்ணிரலாமான்னு இருக்கு. பண்ணலாமா?

பதில்: பண்ணாத தங்கச்சி. மொத விஷயம், அவன் போன் மெக்கானிக்கு, 2 நிமிஷத்துல கண்டுபுடிச்சிருவான். அப்புறம் "பாத்தியா, பொண்ணுங்கள நம்பக்கூடாதுன்னு சொன்னது சரியாப்போச்சு"ன்னு ஆகிரும், அந்த ஆளுக்கு நீயே சாட்சி சொன்ன கணக்கு.

உன் லெட்டர்ல நான் நின்ன எடம் வேற. தட்டுலயே கையக் கழுவிட்டு எந்திரிச்சான்னு எழுதிருக்க, சரி, அந்தத் தட்ட யாரு எடுத்துக் கழுவுனா? அம்மாவா, நீயா? கோவப்படாத, எங்க வீட்லயும் இதே கதைதான், என் தம்பி கல்யாணம் ஆகுற வரைக்கும் அவன் தட்ட அவன் கழுவுனதா ஞாபகமே இல்ல. போட்காஸ்ட்காரன் வந்து ஒரு வருஷம்தான் ஆகுது, நம்ம வீடு 22 வருஷமா பேசிக்கிட்டு இருக்கு. அதனால மொத வேலையா அம்மாகிட்ட தனியா பேசி, நாளைலேருந்து அவன் தட்ட அவனே கழுவட்டும்னு முடிவு பண்ணுங்க. இதுக்கு லெக்சர் குடுக்காத, "எனக்கு இடுப்பு வலிக்குது, நீ கழுவிக்கடா"ன்னு அம்மா வாயால வரட்டும்.

அடுத்தது அந்த ஆல்ஃபா. இது உனக்கு உபயோகப்படும், நல்லா கேட்டுக்க. இந்தப் பேச்சு ஓநாய் ஆராய்ச்சியில இருந்து வந்தது. 1947ல ருடால்ஃப் ஷெங்கல்ங்குறவரு, கூண்டுல ஒண்ணா அடைச்சு வச்ச ஓநாய்ங்க ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்கிறத பாத்து, ஜெயிச்சு தலைமைக்கு வர்றதுதான் ஆல்ஃபான்னு எழுதுனாரு. டேவிட் மீச்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி 1970ல தன்னோட புத்தகத்துல அத எடுத்துப் போட்டு ஊருக்கெல்லாம் பரவிருச்சு. அப்புறம் அதே மனுஷன் காட்டுல வருஷக்கணக்கா ஓநாய்ங்க பின்னாடியே அலைஞ்சு பாத்துட்டு, கூட்டம்னா அது ஒரு குடும்பம், அப்பா அம்மா பிள்ளைக அவ்வளவுதான், சண்டை போட்டு ஜெயிச்ச தலைவன்லாம் அங்க கிடையாதுன்னு 1999ல அவரே எழுதிட்டாரு, பழைய புத்தகத்த இனிமே அச்சடிக்காதீங்கன்னு பதிப்பகத்துகிட்டயும் கேட்டுப் பாத்தாரு. எழுதுன ஆளே வாபஸ் வாங்கிட்டாரு, நம்ம டவுன் ஹால் ரோட்டுல இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. இத சண்டையில எடுத்து வீசாத. ஞாயித்துக்கிழமை கறிச்சோறு தின்னுட்டு அவன் நல்ல மூடுல இருக்கப்ப "டேய் இந்த ஓநாய் கதை தெரியுமா"ன்னு ஆரம்பி, கதையா சொல்லு, முடிச்சதும் எந்திரிச்சு போயிரு. அவன் ராத்திரி அவனாவே தேடிப் பாப்பான்.

498ஏ விஷயத்துலயும் அப்படித்தான், பொய் கேஸே இல்லன்னு சாதிக்காத, அங்கதான் மாட்டுவ. அந்த சட்டம் 1983ல வந்ததே வரதட்சணைக் கொடுமையில பொண்ணுங்க செத்துக்கிட்டு இருந்ததாலதான், இப்ப அது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல 85ன்னு நம்பர் மாறியிருக்கு. கேஸ் போட்டா உடனே தூக்கி உள்ள வச்சிருவாங்கன்னு அவன் நினைக்கிறான், ஆனா காரணம் இல்லாம கைது பண்ணக்கூடாதுன்னு 2014லயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லிருக்கு. இதெல்லாம் அந்த ஆளு சொல்ல மாட்டான், சொன்னா பயம் போயிரும், பயம் போனா வியூஸ் போயிரும்.

சரி, காதுக்கு வேற என்ன குடுக்குறது. நீ போட்டது நல்ல போட்காஸ்ட்டாவே இருக்கட்டும், ஆனா சாப்பாட்டு வேளையில ஸ்பீக்கர்ல போட்டா அது தண்டனை மாதிரிதான. அவன் வேலைய கொஞ்சம் நினைச்சுப் பாரு, குனிஞ்ச தலை நிமிராம 12 மணி நேரம், கையில சின்ன ஸ்க்ரூ டிரைவர், பேச ஆள் இல்ல. அவனுக்கு வேணும்ங்கிறது துணைக்கு ஒரு குரல். கருத்து அதுகூட ஒட்டிக்கிட்டு வந்துச்சு. அதனால நீளமா, பேச்சுவாக்குல ஓடுற சங்கதியா பாரு, கிரிக்கெட், நம்ம ஊர் சரித்திரம், சிறுகதை வாசிக்கிறது, அவன் தொழிலே இருக்குல்ல, போன் சர்வீஸ். லிங்க்கா அனுப்பித் தள்ளாத, வாரத்துக்கு ஒண்ணு போதும், அதுவும் நீ முழுசா கேட்டதா இருக்கணும். இன்னொண்ணு, சண்டை போட பாயிண்ட் எடுக்கிறேன்னு அந்த ஆளு வீடியோவ உன் போன்ல முழுசா பாத்தேன்னா யூடியூபுக்கு உன் கோவம் தெரியாது, இவளுக்கும் புடிச்சிருக்குன்னு எடுத்துக்கிட்டு உனக்கும் அதையே கொட்டும்.

ஒரு லீவு நாள்ல அவனையே பைக் ஓட்டச் சொல்லி அரிட்டாபட்டி போயிட்டு வாங்க, மேலூர் பக்கம். 2000 வருஷத்துக்கு மேல பழசான தமிழி, அதாவது ஆதித் தமிழ் எழுத்துக் கல்வெட்டு, பாண்டியர் காலத்து குடைவரைக் கோயில், 2022ல தமிழ்நாட்டுலயே மொதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அறிவிச்ச எடம். அங்க டங்ஸ்டன் சுரங்கம்னு 2024 நவம்பர்ல சேதி வந்ததும் மேலூர் பக்கத்து ஜனம், ஆம்பள பொம்பள எல்லாம், மதுரை வரைக்கும் நடந்தே வந்தாங்க, 2025 ஜனவரியில ஏலத்த ரத்து பண்ணாங்க. அந்தப் பாறையில உக்காந்து இந்தக் கதைய அவன் கேட்டான்னா, "நாம கஷ்டப்படுறதுக்கு காரணம் பொண்ணுங்க"ங்குற பேச்சு கொஞ்சம் சப்புன்னு தெரியும்னு எனக்கு ஒரு நம்பிக்கை. தப்பாவும் போகலாம்.

அவன் ஜிம்முக்கு போறான், காசு சேக்குறான், அதெல்லாம் நல்லதுதான், அத வாய்விட்டு சொல்லு. ஆனா உன் போன வாங்கி நோண்டுறது, வெளிய போகாதன்னு தடுக்கிறது, கை ஓங்குறதுன்னு போச்சுன்னா போட்காஸ்ட் பேச்செல்லாம் ஓரங்கட்டிட்டு பெண்கள் உதவி எண் 181க்கு போன் போடு, தம்பியாச்சேன்னு பாக்காத. அவ்வளவு தூரம் போயிருக்கிற மாதிரி உன் லெட்டர்ல தெரியல. அடுத்த தடவ லேட்டானா "மாட்டுத்தாவணிக்கு வர்றியாடா"ன்னு நீயே போன் பண்ணு. வருவான். வர்ற வழியில பருத்திப்பால் வாங்கிக் குடு.

கேள்வி: எனக்கு 19, திருமங்கலம். எங்க அக்கா ஏதோ ஹெல்த் போட்காஸ்ட் கேட்டுட்டு தைராய்டு மாத்திரைய நிறுத்திட்டு 2 மாசமா கொத்தமல்லித் தண்ணி குடிக்குது. சொன்னா "நீ டாக்டரா"ங்குது.

பதில்: டாக்டர் இல்லன்னு ஒத்துக்கடா தம்பி, அந்த போட்காஸ்ட்காரனும் டாக்டரான்னு மட்டும் கேளு. தைராய்டு கம்மியா சுரக்குறவங்களுக்கு குடுக்குற மாத்திரை, உடம்பு செய்யாம விட்ட ஹார்மோனையே வெளிய இருந்து குடுக்குறது, கொத்தமல்லியில அது கிடையாது. தண்ணிய நிறுத்தச் சொல்லி மல்லுக்கட்டாத, குடிச்சுட்டுப் போகட்டும். "உன் தண்ணி வேலை செய்யுதான்னு பாத்துருவோம்க்கா"ன்னு சொல்லி இந்த வாரமே டிஎஸ்ஹெச்ங்குற தைராய்டு ரத்த டெஸ்ட்டுக்கு கூட்டிட்டு போ, ரிசல்ட்டோட நேரா டாக்டர்கிட்ட போயிருங்க. அக்கா மாசமா இருந்தா, இல்ல பிள்ளைக்கு பாத்துக்கிட்டு இருந்தா, இந்த வாரம் கூட தள்ளாத, நாளைக்கே போ. ரிசல்ட் வந்ததும் எனக்கும் ஒரு வரி எழுது.