திட்டினால்தான் தாண்டுகிறாளா?

கேள்வி: ஏற்காட்டில் அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் நான். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி உயரம் தாண்டுதலில் நன்றாக வருகிறாள். பள்ளியில் 1.35 மீட்டரைச் சுலபமாகத் தாண்டுபவள், சேலத்தில் நடந்த போட்டியில் 1.25-லேயே மூன்று முறையும் பாரை (குறுக்குக் கம்பியை) தட்டிவிட்டாள். டவுன் பிள்ளைகளின் ஸ்பைக்ஸை (ஆணி வைத்த விளையாட்டுக் காலணியை) பார்த்ததுமே சுருங்கிப்போகிறாள். பயிற்சியிலும் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறாள். திட்டினால் ஒழுங்காகத் தாண்டுகிறாள். இன்னும் கண்டிப்பைக் கூட்டட்டுமா?

பதில்: வேண்டாம் சார். நீங்கள் பார்த்தது நிஜம்தான், ஆனால் அதற்குக் காரணம் திட்டு அல்ல. 2002-இல் நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமனிடம் இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர் ஒருவர் இதையேதான் சொன்னார்: பாராட்டினால் அடுத்த முறை கெடுக்கிறார்கள், திட்டினால் தேறுகிறார்கள். கானமன் கண்ட விளக்கம் எளிமையானது. யாருக்கும் வழக்கத்தைவிட மோசமாக ஒரு முறை அமைந்தால், அடுத்தது பெரும்பாலும் வழக்கமான நிலைக்குத் திரும்பும். அபாரமாக அமைந்தாலும் அப்படியே. மோசமான தாண்டலுக்குப் பிறகு நீங்கள் வாயே திறக்காமல் இருந்தாலும் அவள் அடுத்ததை நன்றாகத்தான் தாண்டியிருப்பாள். நடுவில் விழுந்த திட்டுக்கு அந்தப் பெருமை போய்விடுகிறது. வலி மட்டும் அவளிடம் தங்கிவிடுகிறது.

உயரம் தாண்டுதலில் இந்த வலி கூடுதலாகவே சேரும். பார் ஏறிக்கொண்டே போகிற விளையாட்டு இது. தங்கம் வாங்குகிறவருக்கும் கடைசியில் பெரும்பாலும் பார் விழுந்துதான் போட்டி முடியும். உங்கள் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவையே எடுத்துக்கொள்ளுங்கள். ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் 1.86-இல் வெள்ளி, பாரிஸில் 1.85-இல் வெண்கலம். மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம். வாலிபால் ஆடிக்கொண்டிருந்த அவரை உயரம் தாண்டச் சொல்லி ஊக்கப்படுத்தியது பள்ளியில் இருந்த உடற்கல்வி ஆசிரியர்தான். உங்கள் இடம் எவ்வளவு பெரியது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஆகவே பார் விழுந்தவுடன் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "என்னம்மா இது, 1.25 கூடவா?" என்றால் அவள் கையில் எதுவும் இல்லை. "உன்னால முடியும்" என்ற வெறும் வார்த்தையும் போதாது. பார் எப்போது விழுந்தது என்று பாருங்கள். மேலே ஏறும்போதே தட்டினால் பெரும்பாலும் டேக்-ஆஃப், அதாவது காலை ஊன்றி எழும்பும் இடம், பாருக்கு மிக அருகில் போயிருக்கும். "ஓட ஆரம்பிக்கிற ரன்-அப் மார்க்கை ஒரு பாதம் பின்னால வை, மத்ததெல்லாம் சரியா இருக்கு." இவ்வளவுதான். ஒரே ஒரு திருத்தம், உடனே செய்யக்கூடியது. நன்றாகத் தாண்டும்போதும் இப்படித்தான்: "சூப்பர்" என்று விட்டுவிடாமல், "கடைசி மூணு அடியில வேகம் குறையல, அதான் தாண்டின" என்று சொல்லுங்கள். எதனால் தாண்டினோம் என்று தெரிந்த பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்பவளின் ஸ்பைக்ஸ் அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

பயிற்சியிலும் சில நாள் போட்டியைப் போலவே நடத்துங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், ஒரு நிமிடம் கொடுங்கள், மற்ற வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றி நிற்க வையுங்கள். மூன்று முறை தட்டினால் அன்றைக்கு அவ்வளவுதான். ஆனால் முடிந்த பிறகு அவளோடு உட்கார்ந்து பேசாமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

சுருங்கிப்போவதற்கு மனசு மட்டும்தான் காரணம் என்றும் நினைக்காதீர்கள். போட்டியன்று காலையில் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிறாள். பஸ்ஸில் வாந்தி எடுத்து, வெறும் வயிற்றோடு, மலைக்குளிரிலிருந்து சேலத்து வெயிலில் வந்து நிற்கிற பிள்ளையிடம் 1.35-ஐ எதிர்பார்க்க முடியாது. முடிந்தால் முந்தைய நாள் மாலையே கீழே அழைத்து வந்து மைதானத்தைச் சுற்றிக் காட்டுங்கள். முடியாவிட்டால் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். வயிறு சரியாகி அவள் இரண்டு இட்லி சாப்பிட்டு, ரன்-அப்பை நிதானமாக அளந்து பார்க்க நேரம் இருக்க வேண்டும்.