31 ஆண்டு ஜித்தாவில் இருந்தேன். இந்த வீட்டில் நான் யார்?

கேள்வி: ஜித்தாவில் 31 ஆண்டுகள் கணக்கராக இருந்து, ஓய்வுபெற்று, இரண்டு வருடங்களாகக் காயல்பட்டினத்தில் வசிக்கிறேன். எங்கள் வழக்கப்படி இது என் மனைவியின் வீடு, அடுத்து மகளுக்கு. மருமகனும் இங்கேதான். என் அறையில் கஹ்வா (அரபுக் காபி) போட்டுக் குடித்தபடி அரபுச் செய்தி கேட்கிறேன். எங்கள் முன்னோர் ஏமனிலிருந்து வந்தவர்கள் என்று உம்மும்மா (அம்மாவின் அம்மா) சொல்வார். அந்த வம்சாவளியைத் தேட ஆசை. மகனோ, "நாம் தமிழர்கள்தானே வாப்பா, எதற்கு இந்த அரபுப் பெருமை?" என்கிறான். என் ஆசை தவறா? இந்த வீட்டில் நான் யார்?

பதில்: அன்புள்ள காக்கா (அண்ணன்),

உங்கள் ஆசை தவறே இல்லை. நான் கீழக்கரைக்காரி, ஏலக்காய் மணக்கும் கஹ்வா எனக்கும் புதிதல்ல. ஆனால் உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது கடைசி வரியைத்தான். ஏமன் பற்றிய கேள்வியை விட அதுதான் பெரியது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, ஹொர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரைகளோடு வரும் கப்பல்கள் காயல் துறையில் நிற்கும் என்று எழுதியிருக்கிறார். தென்மேற்குக் காற்றில் வந்த வணிகர்கள், காற்று திசை மாறும்வரை மாதக்கணக்கில் இந்தக் கரையில் தங்க வேண்டியிருந்தது. சிலர் இங்கேயே மணமுடித்தார்கள். கணவன் கடலோடு போக, வீடு பெண்ணிடம் இருந்தது. பெண்ணுக்கு வீடு கொடுக்கும் நம் வழக்கம் இப்படித்தான் வேரூன்றியது என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். அந்த அரபி நம் கதைக்குள் மாப்பிள்ளையாகத்தான் வந்தார், காக்கா. அவருடைய பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியவளும் தாலாட்டுப் பாடியவளும் தமிழ் பேசிய தாய். உங்கள் மகன் சொல்வதும் உண்மை, உம்மும்மா சொன்னதும் உண்மை.

இனி, சொல்லத் தயங்கினாலும் சொல்கிறேன். 31 வருடம் இகாமாவை, அதாவது அங்கே வசிக்கும் அனுமதியை, புதுப்பித்துப் புதுப்பித்து அங்கே வாழ்ந்தீர்கள். விடுமுறையில் இங்கே வந்தபோது வீடே உங்களைச் சுற்றி ஓடியிருக்கும். நெய்ச்சோறும் விருந்துக் களறிக்கறியும் தினமும் பெருநாள்போல. அது விருந்தாளிக்கான அன்பு. இப்போது விருந்து முடிந்துவிட்டது, வீட்டின் அன்றாடத்தில் உங்களுக்கென்று ஒரு வேலை இல்லை. அரபு வேர்மீது இவ்வளவு ஏக்கம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. என் வாப்பாவும் திரும்பி வந்த முதல் வருடம் முழுக்கத் தன் பெட்டியைப் பிரிக்கவே இல்லை.

வம்சாவளியைத் தேடுங்கள். ஆனால் ஏமனில் தொடங்காதீர்கள், உங்கள் மனைவியிடம் தொடங்குங்கள். நீங்கள் இல்லாத 31 வருடத்தில் இந்த வீட்டில் என்னென்ன நடந்தது என்று ஒவ்வொரு மாலையும் கேளுங்கள். யாருக்குக் காய்ச்சல் வந்தது, எந்த மழையில் எந்தச் சுவர் இடிந்தது, பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு யாரிடம் கைமாற்று வாங்கினார்! இடையில் திருத்தாதீர்கள், "நான்தானே பணம் அனுப்பினேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்து, நீங்கள் பிறந்த வீட்டுக்குப் போங்கள். அது இன்று உங்கள் சகோதரியிடமோ அவர் மகளிடமோ இருக்கும். உம்மும்மாவின் உம்மா பெயர் என்ன, அவருக்கு முந்தியவர் யார் என்று பெண்கள் வழியாகவே எழுதிக்கொண்டு போங்கள்.

அங்கே பழைய பெட்டிகளில் அரபுத்தமிழ் நோட்டு ஏதேனும் கிடைக்கலாம். அரபி எழுத்தில் தமிழை எழுதி, அரபியில் இல்லாத ட, ழ போன்ற ஒலிகளுக்குத் தனி எழுத்தே உருவாக்கிக்கொண்ட மொழிவழக்கு அது. உங்கள் ஊரில் பிறந்து எங்கள் ஊரில் வாழ்ந்த மார்க்க அறிஞர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் 19ஆம் நூற்றாண்டில் அதில் எழுதிக் குவித்தார். வீட்டுப் பெண்கள் அதில்தான் மார்க்கம் படித்தார்கள், கடிதம் எழுதினார்கள். உங்களுக்கு அரபியும் தெரியும், தமிழும் தெரியும். பேரப்பிள்ளைகளை அருகில் உட்காரவைத்து வாசித்துக் காட்ட அந்த வீட்டில் உங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்? மகன் ஊருக்கு வரும்போது ஒரு பக்கத்தை அவனிடமும் கொடுங்கள், விவாதம் வேண்டாம்.

கஹ்வாவையும் அறையை விட்டு வெளியே கொண்டுவாருங்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு மருமகனுக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுங்கள்.

நோட்டில் ஏதாவது எழுத்து பிடிபடவில்லை என்றால் படம் எடுத்து அனுப்புங்கள். என் உம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன். அவருக்கு 84 வயது, இன்னும் சரளமாக வாசிக்கிறார்.