புல் வெட்டும் பிளேடுக்குச் சாணை: பகுதி நேரத் தொழிலாகச் செய்ய நினைப்பவர்களுக்குக் கேள்வி பதில்

பினாங்கிலும் செபராங் பிறையிலும் இருந்து நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. என் பட்டறையில் நான் சாணை பிடிப்பது சுழலும் பிளேடுகளை மட்டும்தான். சமையல் கத்தி, சங்கிலி வாள் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், அது வேறு கை வேலை.

புக்கிட் மெர்தாஜாம் தம்பி: தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். வார இறுதியில் புல் வெட்டும் மெஷின் பிளேடுகளைச் சாணை பிடித்துக் கொடுக்கலாம் என்று யோசனை. 8 இஞ்ச் பெஞ்ச் கிரைண்டர் ஒன்று வாங்கினால் போதுமா?

தம்பி, கிரைண்டர் அப்புறம். முதலில் உங்கள் வட்டாரத்தில் சாணைக்கு வரக்கூடிய பிளேடு எத்தனை இருக்கிறது என்று ஒரு வாரம் சுற்றிப் பார்த்து எண்ணுங்கள். நம் தமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) வீட்டுப் புல்லை வெட்ட வருகிறவர் முதுகிலோ தோளிலோ மெஷினை மாட்டிக்கொண்டு வருவார், அதில் பாதிப் பேர் பயன்படுத்துவது நைலான் கயிறு, மீதிப் பேர் போடும் சின்ன பிளேடு ஹார்ட்வேர் கடையில் மலிவாகவே கிடைக்கிறது, தேய்ந்தால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அவர்களை நம்பி மெஷின் வாங்கினால் அது மூலையில் தூசி படிந்து கிடக்கும்.

உங்களுக்குச் சோறு போடப்போவது உட்கார்ந்து ஓட்டும் மெஷின் வைத்திருக்கும் கொன்ட்ராக்டர்களும், தள்ளும் மெஷின் வைத்திருக்கும் பள்ளிகள், ஹோட்டல்கள், கொண்டோ நிர்வாகங்களும்தான். உட்கார்ந்து ஓட்டும் மெஷின் ஒன்றில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று பிளேடு இருக்கும். கொன்ட்ராக்டரிடம் போய் "இன்னொரு செட் வாங்கி வையுங்கள், ஒரு செட் ஓடும்போது மற்றது என்னிடம் இருக்கட்டும், வாரா வாரம் மாற்றித் தருகிறேன்" என்று பேசுங்கள். குளிர் நாடுகளில் இந்தத் தொழில் பனிக்காலத்தில் படுத்துவிடும். நமக்கு அந்தக் கவலை இல்லை, ஆண்டு முழுக்கப் புல் வளர்கிறது, ஜனவரி பிப்ரவரி வெயிலில் கொஞ்சம் மந்தமாகும், அவ்வளவுதான். இரண்டு மூன்று பேர் சரி என்று சொன்ன பிறகு கிரைண்டர் வாங்குங்கள். தொடங்குவதற்கு 8 இஞ்ச் போதும், 6 இஞ்ச் வேண்டாம், நீளமான பிளேடைப் பிடித்து இழுக்கும்போது மோட்டார் உடலில் போய் இடிக்கும்.

தஞ்சோங் பூங்காவிலிருந்து: எந்தக் கோணத்தில் பிடிப்பது? எவ்வளவு கூர் வேண்டும்?

கம்பெனி கொடுத்த கோணத்தையே பின்பற்றுங்கள், பெரும்பாலும் 30 டிகிரி பக்கம் இருக்கும். மேல் பக்கம் மட்டும்தான் தேய்க்க வேண்டும். அடிப் பக்கத்தில் எழும் பிசிறை அரத்தால் ஒரு தடவை தடவி எடுத்தால் முடிந்தது. கூர் என்பது வெண்ணெய் தடவும் கத்தி அளவுக்கு இருந்தால் போதும். சவரக் கத்தி மாதிரி ஆக்கினால் முதல் மணலிலேயே விளிம்பு மடங்கிவிடும், வாடிக்கையாளர் மறுநாளே திரும்பி வருவார்.

பட்டர்வொர்த்திலிருந்து: எந்த பிராண்ட் நல்லது?

உதிரிபாகமும் சாணைக் கல்லும் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கிற பிராண்ட். உடன் வரும் கல் சுமாராகத்தான் இருக்கும், 36 அல்லது 46 கிரிட் (சொரசொரப்பு எண்) கல்லாக மாற்றிக்கொள்ளுங்கள், கல்லின் முகத்தைச் சீவிச் சீராக்கும் டிரெஸ்ஸர் ஒன்றும் வாங்குங்கள்.

ஆயர் ஈத்தாம் ஐயா: பல வருஷமாக ஆங்கிள் கிரைண்டரிலேயே செய்கிறேன், பிளேடைக் கழற்றுவதுகூட இல்லை. மெஷினைச் சாய்த்து இரண்டு இழுப்பு. இதற்குப் போய் இவ்வளவு பேச்சா?

ஐயா, ஆங்கிள் கிரைண்டரை நான் குறை சொல்லவில்லை, அதன் பாதுகாப்பு மூடியைக் கழற்றாமல், ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் மடிப்புகள் அடுக்கிய வட்டு) போட்டுச் செய்தால் நல்ல விளிம்பே கிடைக்கும். பிளேடைக் கழற்றாமல் செய்வதைத்தான் ஏற்க முடியாது. கழற்றாத பிளேடின் சமநிலையை எப்படிப் பார்ப்பீர்கள்?

இந்த ஒன்றை எல்லோரும் கவனமாகப் படியுங்கள். 21 இஞ்ச் பிளேடு நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த நுனிப் பக்கம் ஒரு முனை 10 கிராம் கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது ஏறக்குறைய 25 கிலோ எடையின் பலத்தோடு வெளியே இழுக்கும், ஒவ்வொரு சுற்றிலும் வேறு திசையில். கைப்பிடி உதறும், நட்டு தளரும், ஆயில் சீல் ஒழுகும், பேரிங் போகும். கடைசியில் பழி சாணை பிடித்தவன் தலையில். சுவரில் ஆணி அடித்து மாட்டிப் பார்ப்பது ஒன்றுமே பார்க்காமல் இருப்பதைவிடப் பரவாயில்லை, ஆனால் நடு ஓட்டை ஆணியைவிடப் பெரிது, பிளேடு ஒரு பக்கமாக உட்கார்ந்துவிடும். கூம்பு வடிவ பேலன்சர் வாங்குங்கள், விலை பெரிதில்லை. எந்த முனை இறங்குகிறதோ அந்த முனையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, மறுபடி மறுபடி வைத்துப் பாருங்கள்.

மெஷினைச் சாய்ப்பதாக இருந்தால் ஸ்பார்க் பிளக் வயரை முதலில் பிடுங்குங்கள். ஏர் ஃபில்டர் இருக்கும் பக்கம் மேலே இருக்கட்டும்.

ஜெலுத்தோங்கிலிருந்து: கோல்ஃப் திடல் மெஷின் பிளேடும் எடுக்கலாமா?

உருளை பிளேடு என்றால் தொடாதீர்கள். அதற்குத் தனி மெஷின், தனிப் படிப்பு.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்: தேய்க்கும்போது விளிம்பு நீல நிறமானால் எஃகின் கடினம் போய்விட்டது என்று அர்த்தம். அந்தப் பகுதியை முழுதாகத் தேய்த்து எடுக்க வேண்டும். இதை நீங்கள் சொல்லவே இல்லையே?

சுங்கை டுவா நண்பர்: எதற்கு வீணாக்குவது? சூடாகிச் சிவந்தால் தண்ணீரில் முக்கினால் பழையபடி கெட்டியாகிவிடும். என் அப்பா தோட்டத்தில் அப்படித்தான் செய்வார்.

இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். நீல நிறம் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸில் வருகிறது. சமையல் கத்திக்கு அது மரணம், பொறியாளர் சொல்வது அங்கே முழு உண்மை. புல் பிளேடின் எஃகு அப்படிப்பட்டதில்லை. கல்லில் மோதினால் உடையாமல் வளைய வேண்டும் என்பதற்காகக் கடினத்தைக் குறைத்து, உறுதியைக் கூட்டிப் பதப்படுத்தியது அது. மெல்லிசாக நீலம் ஓடியது என்பதற்காக நல்ல உலோகத்தைத் தேய்த்துத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் நீலம் வருகிறது என்றால் அழுத்திப் பிடிக்கிறீர்கள், அல்லது சாணைக் கல்லின் முகம் மழுங்கிப் பளபளத்துவிட்டது, டிரெஸ்ஸர் போடுங்கள்.

சுங்கை டுவா நண்பர் சொல்வதுதான் எனக்குப் பயம். சிவந்த விளிம்பைத் தண்ணீரில் முக்கினால் கெட்டியாவது உண்மைதான், ஆனால் கண்ணாடி மாதிரி நொறுங்குகிற கெட்டி. அந்த விளிம்பு ஒரு கல்லில் பட்டால் சில்லு பறக்கும், பக்கத்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கலாம். உங்கள் அப்பா தண்ணீரில் முக்கி எடுத்தது கையால் வீசும் அரிவாளாக இருந்திருக்கும், அதைப் பதம் பார்த்துத் திரும்பச் சூடு காட்டவும் அந்தக் காலத்துக் கொல்லர்களுக்குத் தெரியும். வாளியில் தண்ணீர் வையுங்கள், கை பொறுக்கும் சூட்டிலேயே அடிக்கடி முக்குங்கள், சிவக்க விடாதீர்கள்.

பொறியாளர் மறுபடியும்: நீலத்தை அனுமதிப்பது தவறான பழக்கம். புதிதாக வருகிறவன் நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவில் எங்கே நிறுத்துவான்?

இதை ஒத்துக்கொள்கிறேன். பழகும் காலத்தில் நீலம் தெரிந்தாலே நிறுத்திவிடுங்கள். பிளேடைத் தேய்த்து வீணாக்க வேண்டாம் என்பதுதான் என் வாதம்.

பட்டர்வொர்த் அக்கா: வீட்டுக்காரர் பழைய பெஞ்ச் கிரைண்டர் ஒன்று வாங்கி வந்திருக்கிறார். கல் மாட்டியபடியே இருக்கிறது. அப்படியே ஓட்டலாமா?

வேண்டாம் அக்கா. கல்லைக் கழற்றி, ஓட்டையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் லேசாகத் தட்டச் சொல்லுங்கள். மணி மாதிரி ஒலித்தால் சரி. டொக்கென்று மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல், உடைத்துக் குப்பையில் போடுங்கள், யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இந்த மோட்டார்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 2850 சுற்று ஓடும். கல்லில் எழுதியிருக்கும் சுற்று எண் அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் காகித வாஷர் வைத்து மாட்டி, கைத்தாங்கிக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். முதல் தடவை ஓட்டும்போது கல்லுக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நின்று ஒரு நிமிடம் ஓடவிடச் சொல்லுங்கள். அந்தக் கல்லில் அலுமினியம் தேய்க்கவே கூடாது, துளைகளில் அப்பிக்கொண்டு கல் வெடிக்க வழி செய்யும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அவரைக் கிட்டே விடாதீர்கள்.

நிபோங் தெபாலிலிருந்து: லைசென்ஸ் வேண்டுமா?

சம்பாதிக்கத் தொடங்கினால் எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவன ஆணையத்தில்) பதிய வேண்டும், 30 நாளுக்குள். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), கடைப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. வீட்டில் வைத்துச் செய்யலாமா என்பதை உங்கள் மாநகர் மன்றத்தில் கேளுங்கள். வரிசை வீடு என்றால் பக்கத்து வீட்டாரிடமும் கேளுங்கள், சத்தம் சாதாரணமாக இருக்காது.

குளுகோரிலிருந்து: எந்த பிராண்ட் கிரைண்டர் வாங்கலாம்?

மேலே சொல்லிவிட்டேன்.

சுங்கை ஆராவிலிருந்து: சீன பிராண்டா ஜப்பான் பிராண்டா?

பிராண்ட் கேள்விக்கு இனிமேல் பதில் எழுதப் போவதில்லை. பேலன்சர் வாங்கினீர்களா என்று ஒருவராவது எழுதுங்கள்.

பத்து ஃபிரிங்கியிலிருந்து: கடற்கரைப் பக்கம் ரிசார்ட் ஒன்று பிளேடு தர ஒத்துக்கொண்டது. விளிம்பு பரவாயில்லை, ஆனால் பின்பக்கம் மேலே வளைந்திருக்கும் இடத்தில் பள்ளம் விழுந்து மெலிந்திருக்கிறது. வெல்டிங் வைத்து நிரப்பித் தரச் சொல்கிறார்கள்.

இப்படி ஒரு கேள்வி வரும் என்றுதான் காத்திருந்தேன். மணல் தரையில் அந்த வளைவு புல்லோடு மணலையும் உறிஞ்சித் தூக்கும், அது உரசி உரசி எஃகைத் தின்றுவிடும். மெலிந்த இடம் கிழிந்து கீறலாகும், ஒரு நாள் அந்தத் துண்டு பிய்த்துக்கொண்டு பறக்கும். வெல்டிங் வைத்தால் பக்கத்து எஃகின் பதமும் கெடும், சமநிலையும் போகும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் செய்யாதீர்கள். மெலிந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டி, கூலி வாங்காமல் திருப்பிக் கொடுத்து, புது பிளேடு வாங்கச் சொல்லுங்கள். புதுசையும் ஒரு தடவை பேலன்சரில் வைத்துப் பார்த்தே மாட்டச் சொல்லுங்கள்.