அம்மா கடக்கும் சிக்னல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோவையில் கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பெங்களூரில் சிக்னல் நேரத்தையே ஏஐ சொல்கிறதாம். இனி நகரம் தானாகவே நடந்துவிடும் என்கிறார்கள். மேற்படிப்புக்கு நகரத் திட்டமிடலை எடுக்கலாமா?

கே.

அன்புள்ள கே.,

எடுங்கள். வேலை கிடைக்குமா என்பதை நல்ல ஜோசியராகப் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ‘நகரம் தானாகவே நடந்துவிடும்’ என்று கூசாமல் எழுதியிருக்கிறீர்களே, மூன்று வருஷம் கட்டடக்கலை படித்தவர் எழுதுகிற வாக்கியமா இது?

நீங்கள் சொல்வது கூகுளின் கிரீன் லைட். கொல்கத்தாவிலும் ஹைதராபாத்திலும்கூட உண்டு. கூகுள் மேப்பில் சேரும் வண்டியோட்டத் தகவலை வைத்து, எந்தச் சந்திப்பில் பச்சையை எப்படி மாற்றலாம் என்று யோசனை சொல்லும். மாற்றுவது பொறியாளர்தான். வண்டிகள் நின்று கிளம்புவது 30 சதவீதம் வரை குறையலாம் என்கிறார்கள். குறையட்டும், என் இருமலுக்கும் நல்லது.

ஆனால் மேப்புக்குக் கைப்பேசிதான் வண்டி. 2020இல் பெர்லினில் சைமன் வெக்கெர்ட் என்ற கலைஞர் 99 பழைய கைப்பேசிகளைச் சின்னக் கைவண்டியில் போட்டு இழுத்துக்கொண்டு நடந்தார். மேப்பில் அந்தக் காலித் தெரு சிவந்துவிட்டது. டிராஃபிக் ஜாமாம்!

என் அம்மா அதற்கு நேர் எதிர். பட்டன் போன், அதுவும் பீரோ மேல் இருக்கும். எங்கள் தெருமுனை சிக்னலில் நடப்பவர்களுக்கு 12 விநாடி. விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்பது பொறியாளர்களின் வழக்கமான கணக்கு. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா அதில் பாதி நடந்தால் அதிகம். ஒருநாள் பாதி ரோட்டில் மீடியன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முருங்கைக்கீரைப் பையோடு நின்றுவிட்டாள். இரண்டு பக்கமும் பஸ். “ஒரு ரோட்டுக்கு ரெண்டு தடவை நிக்கணுமாடா?” என்றாள் வீட்டுக்கு வந்து. அவள் நின்றது எந்த மேப்பிலும் சிவப்பாகவில்லை.

நடப்பவர்களை எண்ணும் கேமராவும் இருக்கிறது, சரி. எண்ணு என்று யாராவது சொன்னால்தானே அது எண்ணும்? அந்த யாராவது தானாக முளைப்பாரா? வகுப்பை ஒருநாள் விட்டுவிட்டு, காந்திபுரம் நூறடி ரோட்டை ஒரு பாட்டியோடு கடந்து பாருங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கடக்க வேண்டும்.

அம்மா இப்போது மார்க்கெட்டுக்குப் போவதில்லை. கீரைக்காரர் வாசலுக்கே வருகிறார், கட்டுக்கு ஐந்து ரூபாய் கூட.