ஒயரிங்குக்கு வெளி ஆட்கள்: நாள்கூலியா, பாயிண்ட் கணக்கா?

கேள்வி: வீட்டு ஒயரிங்கில் ஆள் பற்றாதபோது இன்னொரு கான்ட்ராக்டரின் ஆட்களைக் கூப்பிடுகிறேன். எப்படிக் கொடுத்தால் நியாயம்?

பதில்: வேலையைப் பொறுத்தது. சுவர் வெட்டுவது, ஸ்லாபுக்கு பைப் போடுவது இரண்டுக்கும் நாள்கூலிதான் சரி. கொத்தனார் தாமதித்தால் ஆட்கள் சும்மா நிற்பார்கள். அது அவர்கள் குற்றமல்ல. 4 பேர், 3 நாள் என்றால் 12 ஆள்நாள். தலைக்கு 900 ரூபாய் என்று வைத்தால் 10,800. அதோடு நிறுத்தாதீர்கள். கட்டிங் மெஷின், பிளேடு தேய்மானம், ஆட்களை அழைத்துவரும் செலவு, மேற்பார்வை எல்லாம் அந்த கான்ட்ராக்டருடையது. 15 சதவீதம் சேர்த்து 12,420 கொடுங்கள். பிளேடை நீங்களே வாங்கித் தந்தால் அதற்கேற்பக் குறைக்கலாம்.

ஒயர் இழுத்து ஃபிட்டிங் செய்வதற்கு பாயிண்ட் கணக்கு வைக்கலாம், அதாவது ஒவ்வொரு விளக்கு, ஃபேன், பிளக் இடத்துக்கும் இவ்வளவு என்று. தகராறு வருவது எண்ணிக்கையில்தான். மாடிப்படி டூ-வே, அதாவது கீழேயும் மேலேயும் சுவிட்ச் வைப்பது, ஒரு விளக்குதான். ஆனால் இரண்டு பெட்டி, இரண்டு சுவிட்ச், இடையே கூடுதல் ஒயர்கள். அதை இரண்டு பாயிண்டாக எண்ணுங்கள். வீட்டு லைன்கள் பிரியும் டிபி பெட்டியிலிருந்து தனியாக வரும் ஏசி லைனுக்கு மீட்டர் கணக்கே பொருத்தம்.

கான்கிரீட்டில் பைப் அடைத்துக்கொண்டால் மறுவெட்டுச் செலவு யாருடையது என்பதை முன்பே எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் பணம் தரத் தாமதித்தாலும் சனிக்கிழமைக் கூலியை நிறுத்தாதீர்கள்.